தேங்காய்ச் சீவல் பேக்கன்: கடற்கரை வீட்டில் எங்கே தவறுகிறது, எப்படிச் சரிசெய்வது

பேக்கன் என்பது பன்றியின் வயிற்றுப் பக்கத்து இறைச்சியை உப்பிலும் சர்க்கரையிலும் ஊறப்போட்டு, புகை காட்டி, மெல்லிசாக அரிந்து வறுப்பது. ராமநாதபுரம் கரையோரத்தில் அதைத் தொடாத வீடுகள்தான் அதிகம். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் இஸ்லாமிய மார்க்கத்தில் அனுமதி இல்லை. ராமேஸ்வரத்தில் சைவக் குடும்பங்கள் நிறைய. தவக்காலம் வந்தால் கறியை விட்டுவிடும் வீடுகள் தங்கச்சிமடத்தில் உண்டு. ஆனால் புகையும் உப்பும் லேசான இனிப்பும் மொறுமொறுப்பும் கலந்த அந்த ருசியைப் பிள்ளைகள் வெளிநாட்டில் வான்கோழி பேக்கனிலும் மாட்டுக்கறி பேக்கனிலும் பழகிவிட்டு, விடுமுறைக்கு வந்ததும் கேட்கிறார்கள். சபுராளி வீடுகளில், அதாவது வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர்களின் வீடுகளில், இது இப்போது சாதாரணப் பேச்சு.

அந்த ருசியைத் தேங்காயில் நன்றாகவே கொண்டுவரலாம். நம்மிடம் தேங்காய் இருக்கிறது, சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி இருக்கிறது, 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய முண்டு மிளகாய் இருக்கிறது, புகைக்குச் சிரட்டையும் சீமைக்கருவேலமும் இருக்கின்றன. எதிராக நிற்பது ஒன்றே ஒன்று, கடல் காற்றின் ஈரம். இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் குளிர்ந்த, உலர்ந்த ஊர்க்காரர்கள் எழுதியவை. ஈரச் சீவலில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கிளறி அடுப்பில் வை என்பார்கள். அது இங்கே சரிவராது. இங்கே முதலில் ஈரத்தை வெளியேற்ற வேண்டும், ருசியை அப்புறம்தான் ஏற்ற வேண்டும். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த வரிசை மாறியதால் வருபவைதான்.

அடிப்படை முறை இது. நன்றாக முற்றிய தேங்காயில் ஒரு மூடி. பருப்பைச் சிரட்டையிலிருந்து நெம்பி எடுத்து, பழுப்புத் தோலைச் சீவிவிட்டு, காய்கறித் தோல் சீவியால் நீள நீளமாகச் சீவுங்கள். வெயிலில் வெள்ளைத் துணி விரித்து, மேலே வலை மூடி, 2 முதல் 3 மணி நேரம் காயவையுங்கள். ஓரம் சுருண்டு, தொட்டால் விரலில் தண்ணீர் ஒட்டாமல் எண்ணெய் மினுக்கு மட்டும் ஒட்ட வேண்டும். அதுதான் அரைக் காய்ச்சல் பதம். பிறகு 2 தேக்கரண்டி கருப்பட்டித் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, 1 மேசைக்கரண்டி சோயா சாஸ் சேர்த்துக் கம்பிப் பதம் வரும் வரை காய்ச்சி, சீவலில் ஊற்றிப் பிசறுங்கள். புகை காட்டுங்கள். கனமான தோசைக்கல்லில் சிறு தீயில், அல்லது ஓவனில் 150 டிகிரி செல்சியஸில் 12 முதல் 18 நிமிடம், இடையிடையே கிளறி வறுத்தெடுங்கள். அரைத் தேக்கரண்டி முண்டு மிளகாய்த் தூளை ஒரு தேக்கரண்டி சூடான தேங்காய் எண்ணெயில் குழைத்துக் கடைசியில் சேருங்கள். உப்பு தனியாக வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

எடுத்தபோது மொறுமொறு, கொஞ்ச நேரத்தில் நமத்துப் போகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். போன ரமலானில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி போனில் கேட்டாள். "லாத்தா, மதியம் லுஹர் தொழுதுட்டு வறுத்து வச்சேன், சாயங்காலம் அசர் தொழுகைக்குள்ள வளைஞ்சு போச்சு. நோன்புக் கஞ்சிக்கு மேல தூவலாம்னு பாத்தேன்."

"பாகு கம்பியா வந்துச்சாம்மா?"

"இல்ல லாத்தா, கரைஞ்சதும் ஊத்திட்டேன்."

அதுதான் விஷயம். கருப்பட்டியில் சாதாரணச் சர்க்கரையோடு குளுக்கோஸ், ஃப்ரக்டோஸும் உண்டு. இவை, முக்கியமாக ஃப்ரக்டோஸ், காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கரைத்த உடனே ஊற்றினால் பாகில் இருக்கும் தண்ணீர் சீவலுக்குள் திரும்பப் போகிறது. வறுக்கும்போது மேல்பூச்சு காய்ந்து மூடிக்கொள்ள, உள்ளே மாட்டிய ஈரம் ஆறியபின் மெல்ல வெளியே வந்து பூச்சை இளக்கிவிடும். வெளியிலிருந்து கடல் காற்றும் சேர்ந்துகொள்ளும். இரண்டு பக்கமும் அடி.

அதனால் பாகைக் கட்டாயம் கம்பிப் பதம் வரை கொண்டுபோங்கள். இரண்டு விரலுக்கு நடுவில் தொட்டு இழுத்தால் ஒரு கம்பி அறுபடாமல் வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் செய்வதாக இருந்தால் கருப்பட்டியில் பாதியைக் குறைத்து வெள்ளைச் சீனி போடுங்கள். சீனி அவ்வளவாக ஈரம் இழுக்காது. வாசம் கொஞ்சம் குறையும்தான், ஆனால் மொறுமொறுப்பு நிற்கும். மழைக்காலத்தில் வெயிலையும் நம்ப முடியாது. ஓவனில் 90 டிகிரியில் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து 30 முதல் 40 நிமிடம் காயவைக்கலாம். தோசைக்கல்லில் என்றால் மிகச் சிறு தீயில், கை எடுக்காமல் கிளற வேண்டும்.

வறுத்து முடிந்ததா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், காதால் கேளுங்கள். ஆரம்பத்தில் கல்லில் ‘சுர்’ என்ற சத்தம் இருக்கும், அது ஈரம் போகிற சத்தம். அது அடங்கி, கரண்டியால் தள்ளும்போது காய்ந்த சருகு உரசும் சலசலப்பு வந்தால் இறக்கலாம். சந்தேகம் இருந்தால் ஒரு சீவலை எவர்சில்வர் தட்டில் அரை நிமிடம் ஆறவிட்டு ஒடித்துப் பாருங்கள். சூட்டில் எல்லாமே வளையும். ஆறியபின்னும் வளைந்தால் இன்னும் 3, 4 நிமிடம் வேண்டும்.

டப்பாவில் போடுவதற்கு முன் முழுக்க ஆற வேண்டும், ஆனால் மணிக்கணக்கில் திறந்தும் கிடக்கக் கூடாது. இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் பாட்டில் நல்லது. அடியில் வறுத்த அரிசியைச் சின்னத் துணி முடிச்சாகக் கட்டிப் போடுவது கொஞ்சம் உதவும். இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பாகு சேர்க்காத வெறும் சீவலை முழுசாகக் காயவைத்து எடுத்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது ஒரு கைப்பிடி எடுத்துப் பாகு பிசறி வறுங்கள். கரையோர வீட்டுக்கு இதுதான் சரியான பழக்கம் என்பேன். ஏற்கெனவே நமத்துப் போனதை எறிய வேண்டாம். எண்ணெய் இல்லாத தோசைக்கல்லில் சிறு தீயில் 2, 3 நிமிடம் புரட்டினால் மீண்டுவிடும், அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

கஞ்சியிலோ உப்புமாவிலோ தூவுவதாக இருந்தால் பரிமாறிய பிறகு தூவுங்கள். பாத்திரத்திலேயே கலந்துவிட்டு மொறுமொறுப்பை எதிர்பார்க்க முடியாது.

ஓரம் கருகுகிறது, நடுவில் மெத்தென்று இருக்கிறது

சீவல் சீராக இல்லை. அரிவாள்மனையில் கையால் சீவினால் ஒரு பக்கம் தடியாகவும் மறுபக்கம் காகிதமாகவும் வரும். காய்கறித் தோல் சீவி அந்தத் தொல்லையை முடித்துவிடும். சுமார் 1 மில்லிமீட்டர் தடிமன் போதும். இளசான தேங்காயாக இருந்தாலும் இப்படி ஆகும், அதில் தண்ணீர் அதிகம். குலுக்கினால் தண்ணீர் சத்தம் தெளிவாகக் கேட்கிற, கண் காய்ந்த முற்றல் காய்தான் இதற்கு ஏற்றது.

சீவல் சரியாக இருந்தும் கருகினால் தீ அதிகம். ஃப்ரக்டோஸ் 110 டிகிரி வாக்கிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். சாதாரணச் சர்க்கரைக்கு 160 டிகிரிக்கு மேல் வேண்டும். கருப்பட்டிப் பாகு பூசிய சீவல் சீனிப் பாகு பூசியதைவிட முந்திக் கருகுவது இதனால்தான். மெல்லிய அலுமினியக் கல்லைத் தவிர்த்து, கனமான இரும்புக் கல்லை எடுங்கள்.

புகை வாசமே வரவில்லை, அல்லது எண்ணெய் தீய்ந்த வாசம் வருகிறது

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் செய்யும் முறையிலேயே கோளாறு இருக்கிறது. கரித்துண்டைச் சிவக்கச் சுட்டு, கிண்ணத்தில் வைத்து, எண்ணெயோ நெய்யோ ஒரு சொட்டு விட்டு மூடுவார்கள். பிரியாணிக்கு அது போதும். பேக்கனுக்குப் போதாது. பேக்கனின் புகை வாசம் மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருள் சூட்டில் உடையும்போது வரும் குவையகால், சிரிங்கால் போன்றவற்றிலிருந்து வருவது. கரி ஏற்கெனவே சுட்டு முடிந்த மரம். அதில் லிக்னின் அநேகமாக மிச்சம் இல்லை. ஆகவே கரியின் மேல் எண்ணெய் விட்டால் கிடைப்பது எண்ணெய்ப் புகைதான், மரப்புகை அல்ல.

கரித் தணல் சூட்டுக்கு மட்டும். அதன் மேல் காய்ந்த மரத்தைச் சின்னச் சில்லாகப் போட வேண்டும். சிரட்டையின் நாரைச் சுரண்டிவிட்டுச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு உடைத்துப் போடலாம். அதைவிட அருமையான மரம் நம் ஊர் வேலியிலேயே நிற்கிறது. நாம் திட்டிக்கொண்டே வெட்டும் சீமைக்கருவேலம், அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோவிலும் இறைச்சி சுடப் பெயர்போன மெஸ்கீட் மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. அங்கே அந்த மரச்சில்லைப் பையில் போட்டு விற்கிறார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் அதைச் சுட்டுக் கரியாக்கி லாரி லாரியாக அனுப்புகிறோம், புகைக்கு யாரும் எடுப்பதில்லை. நன்றாகக் காய்ந்த, பட்டை நீக்கிய துண்டாக ஒரு கைப்பிடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காரமான புகை அது, கொஞ்சம் போதும்.

செய்யும் விதம் இப்படி. அகலமான பாத்திரத்தின் நடுவில் சின்ன இரும்புக் கிண்ணம், அதில் சிவந்த தணல். சுற்றிலும் வாழை இலையில் பாகு பிசறிய சீவலைப் பரப்புங்கள். தணல் மேல் சில்லைத் தூவி, தீ பிடித்தால் ஊதி அணைத்து, புகை மட்டும் எழும்பும்போது மூடுங்கள். 8 முதல் 10 நிமிடம். இதைக் கொல்லையில் அல்லது மாடியில் வைத்துச் செய்யுங்கள். அடைத்த அறையில் கரித் தணல் வைப்பது கார்பன் மோனாக்சைடால் உயிருக்கே ஆபத்து.

சீவலின் பதமும் முக்கியம். புகை பிடிக்க மேற்பரப்பு பிசுபிசுவென்று இருக்க வேண்டும். முழுக்கக் காய்ந்திருந்தால் புகை நிற்காது. அதனால்தான் புகையைப் பாகுக்கும் வறுவலுக்கும் நடுவில் வைக்கச் சொன்னேன்.

புகை கசக்கிறது, நாக்கில் மரப்பு வருகிறது

தண்ணீர் சொட்டும் ஈரச் சீவலில் புகையின் கரியும் புளிப்பும் கசப்பும் சேர்ந்து படியும், அது ஒரு காரணம். சில்லு சரியாகக் காயாமல் இருந்தால் அடர்த்தியான வெள்ளைப் புகை மூச்சு முட்ட வரும், அதுவும் கசக்கும். மெல்லிசான, நீலம் ஓடிய புகைதான் வேண்டும். லேசான கசப்பு என்றால் மூடிய பாட்டிலில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள், கூர்மை தணியும். அடர்ந்த கசப்பாக இருந்தால் புகை காட்டாத சீவலோடு பாதிக்குப் பாதி கலந்துவிடலாம்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். பழைய வள்ளத்துப் பலகை, கரையில் ஒதுங்கிய மரக்கட்டை இரண்டையும் இதற்கு எடுக்காதீர்கள். வள்ளத்து மரத்தில் பெயிண்டும் பூச்சு எண்ணெயும் ஊறியிருக்கும். கடலில் ஊறிய கட்டையில் உப்பின் குளோரின் இருப்பதால் எரியும்போது டையாக்சின் போன்ற நச்சுகள் உண்டாகும். சும்மா கிடைக்கிறதே என்று கை போகும். வேண்டாம்.

உப்புக் கரிக்கிறது

ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே 2 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. ஒரு மூடித் தேங்காய்க்கு அது தாராளம். மேலும், ஈரம் போகப் போக உப்பு கூடித் தெரியும். பிசறும்போது நாக்கில் உப்புக் குறைவாகப் பட்டால் அதுதான் சரியான அளவு. கரித்துவிட்டதைக் கழுவ வேண்டாம், முதலில் இருந்த ஈரம் திரும்ப வந்துவிடும். பாகு சேர்க்காத சீவலை வறுத்துக் கலந்து சமன் செய்யுங்கள்.

சோயா சாஸ் இல்லாமல் வாலிநோக்கத்து உப்பளக் கல்லுப்பை வைத்துச் செய்பவர்கள் உப்பை வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்துச் சேருங்கள். கல்லுப்பில் மக்னீசிய உப்புகள் ஒட்டியிருந்தால் மழைக்காலத்தில் உப்பு ஜாடி வியர்ப்பது போலவே சீவலும் வியர்த்துவிடும்.

தேங்காய் பர்பி சாப்பிட்டது போல இருக்கிறது

இனிப்பு முந்துகிறது, கறித்தன்மை இல்லை. கறியின் ருசி என்று நாக்கு அடையாளம் காண்பதில் பெரும்பங்கு குளுட்டமேட் என்ற பொருளுடையது. 1908இல் ஜப்பானில் கிகுனாயே இகேதா அதைக் கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்தார். சோயா சாஸில் அது நிறைய உண்டு. அதனால் கருப்பட்டியைக் குறையுங்கள், சோயா சாஸைக் குறைக்காதீர்கள். காய்ந்த காளானை வறுத்துப் பொடித்து அரைத் தேக்கரண்டி சேர்த்தால் ருசி இன்னும் இறங்கி நிற்கும். ஒரு சிட்டிகை மிளகுத் தூளும் நன்றாகச் சேரும். தேங்காய் வாசத்தை முழுக்க மறைக்க முடியாது. மறைக்கவும் வேண்டியதில்லை.

பாசி சேர்த்தேன், வழவழவென்று ஆகிவிட்டது

மண்டபம் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி வருவதில் ஆச்சரியமில்லை. கடற்பாசி பேக்கன் ருசியில் இருக்கும் என்ற செய்தி 2015இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அது டல்ஸ் என்ற சிவப்புப் பாசி, குளிர்ந்த கடலில் வளர்வது. நம் கரையில் மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கிறார்களே, பெப்சி பாசி என்று பேர் வாங்கிய கப்பாபைகஸ், அது வேறு. அதில் பெரும்பகுதி கராஜீனன், கூழ் கட்டும் பொருள். சூட்டில் கரைந்து, ஆறினால் கட்டியாகும். மொறுமொறுப்புக்கு அது நேர் எதிரி. கஞ்சிப்பாசியும் கூழ் கட்டும் குடும்பம்தான். அந்த நல்ல பாசிகளைக் கஞ்சிக்கும் ஜெல்லிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பேக்கனில் ருசிக்குப் பாசி வேண்டுமென்றால் கடையில் வரும் நோரி போன்ற காய்ந்த தாளைச் சுட்டு நொறுக்கிச் சேர்க்கலாம்.

நெடி ஏறி இருமல் வருகிறது, நிறமும் கறுத்துவிட்டது

மிளகாய்த் தூளை ஆரம்பத்திலேயே போட்டிருக்கிறீர்கள். தூள் சீவலுக்கு முன்னால் கருகும். மிளகாயின் சிவப்பு எண்ணெயில் கரையும் நிறம். சூடான எண்ணெயில், அடுப்பை அணைத்த பிறகு குழைத்து, வறுத்த சீவலில் பிரட்டினால் நிறமும் வரும், நெடியும் இருக்காது. பீட்ரூட் சாறு ஊற்றிச் சிவப்பாக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாயம் சூட்டில் பழுப்பாகிவிடும், ஈரமும் சேரும். பன்றி பேக்கனின் இளஞ்சிவப்பு நைட்ரைட் உப்பு இறைச்சியோடு சேர்ந்து தரும் நிறம், தேங்காயில் அது வராது. செம்பழுப்பு வந்தால் சரி.

சோப்பு வாடை, சிக்கு வாடை

தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம் சேர்ந்த கொழுப்பு. ஈரமும் பூஞ்சையும் சேர்ந்தால் அந்த அமிலம் பிரிந்து வந்து சோப்பு ருசி தரும். இதற்கு மாற்று மருந்து கிடையாது, கொட்டிவிடுங்கள். பூஞ்சைப் புள்ளி தெரிந்தாலும் அந்தத் துண்டை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிட வேண்டாம். உடைக்கும்போதே வாடை அடிக்கும் தேங்காயைக் காயவைத்தால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். வெளியில் வைத்தால் ஒரு வாரத்துக்குள் தீருங்கள், அதற்கு மேல் என்றால் பிரிட்ஜ்.

மொறுமொறு இருக்கிறது, கடித்து இழுக்கும் தன்மை இல்லை

தேங்காயால் அது முடியாது. சிப்பிக் காளானை நாராகக் கிழித்து, வெறும் கல்லில் தண்ணீர் வற்றும் வரை அழுத்தி வாட்டி, அதே பாகும் புகையும் காட்டி எண்ணெயில் சிவக்க விடுங்கள். இழுவை வரும். ஆனால் காளான் வெளியில் தாங்காது. பிரிட்ஜில் 3 நாளுக்குள் முடியுங்கள், எண்ணெயில் ஊறப்போட்டு அலமாரியில் வைக்கவே கூடாது. சாண்ட்விச்சுக்குக் காளானை அடியில் வைத்து, மேலே தேங்காய்ச் சீவலைத் தூவினால் இரண்டும் கிடைத்துவிடும்.

விருந்தாளிக்குக் கொடுப்பதற்கு முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமையும் இருக்கும், சோயாவோ கோதுமையோ ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வறுத்த கல்லுப்பும் காளான் பொடியும் போட்டுத் தனியாக ஒரு கைப்பிடி வறுத்துக் கொடுங்கள். தேங்காயில் புரதம் மிகக் குறைவு. கறிக்குப் பதிலாக இதையே ஒருவேளைச் சாப்பாடாக வைக்க முடியாது, பக்கத்தில் பருப்போ சுண்டலோ இருக்கட்டும்.